தாய்மாமன் வந்தால் நின்றுவிடும் கம்ப்யூட்டர்

அன்பு மைத்துனன் ஆரோக்கியராஜுக்கு,

மரக்காணத்திலிருந்து உன் அக்காள் வீட்டுக்காரன் அந்தோணிராஜ் எழுதுவது. மாதா தயவில் இங்கே எல்லோரும் நலம், ஸ்டூடியோ கம்ப்யூட்டரைத் தவிர. போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். அதனால் உன் சிரிப்பு எனக்குக் கேட்காதபடி தபாலில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "கல்யாண வீடியோலாம் சீக்கிரம் முடிஞ்சிடும் மாமா" என்று சொல்லி, பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓவர்கிளாக் செய்துவிட்டுப் போனாய். பாஸ்போர்ட் போட்டோவுக்கு மிஷின் பறந்தது. ராஜவேல் மகள் கல்யாண வீடியோவை எடிட் முடித்து, ஒரே படமாகச் சேர்க்க ரெண்டர் போட்டேன், மாப்பிள்ளையின் தாய்மாமன் அப்பாதுரை செயின் போடுகிற இடம் வந்ததும் திரை நீலமாகி மிஷின் தானே அணைந்து தானே எழுந்தது, மறுபடி போட்டேன், மறுபடி அதே இடம். ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் வழிவிட்ட மிஷின் அவருக்கு மட்டும் விடவில்லை. வேறு வழியில்லாமல் அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை பென்டிரைவில் கொடுத்தனுப்பினேன்.

அப்பாதுரை உப்பளத்துக் காலோடு நேரே கடைக்கு வந்துவிட்டார். "ஏம்பா, எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் எங்க போனேன்? பொண்ணு வூட்டுக்காரங்க உங்கிட்ட என்னா சொன்னாங்க?" என்றார். "கம்ப்யூட்டர் நின்னுடுதுங்க" என்றேன். "என்னைப் பாத்து நிக்குதா? வீடியோவுல நான் இல்லன்னா மறுவீட்டு விருந்துலயும் நான் இல்ல" என்று போய்விட்டார். கல்யாணப் பெண் எனக்கு போன் செய்து அழுகிறாள். உப்பளத்துக்காரர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் இனி என்னைக் கூப்பிடக் கூடாதென்று அவர் சொல்லிவைத்திருப்பதாகவும் கேள்வி.

முதலில் பக்கத்து உப்பு மில்லின் கரண்ட்டைச் சந்தேகித்தேன். மில் லீவு நாளிலும் நின்றது. பிறகு கூனிமேட்டு ஸ்டூடியோ சிலம்பரசன். ஸ்டாண்ட் இரவல் கேட்டு வந்தவன், "என்னாண்ணே, பொட்டி சூடா இருக்குது" என்றான். என் பெட்டியை அவன் ஏன் தொட்டான்? உனக்கு போன் போட்டேன். "வோல்ட்டேஜக் கொஞ்சம் ஏத்துங்க மாமா" என்றாய். ஏற்றினேன், தாய்மாமன் மேடை ஏறுவதற்கு முன்பே நின்றது. "அப்ப எறக்குங்க" என்றாய். ஏற்று என்றும் இறக்கு என்றும் சொல்கிறவனை நான் எப்படி நம்புவது? "அந்த எடத்துல ஸ்லோமோஷன், பூமழைலாம் போட்டிருக்கீங்க, லோடு அதிகம்" என்றாய். பூ என்னப்பா பாரம்? கிறிஸ்துமஸ் நண்டுக் குழம்பில் உனக்குக் கால் மட்டும்தான் வந்தது என்ற கோபத்தில் செய்தாயோ என்றுகூட நினைத்தேன்.

"எந்தம்பியச் சொல்றதுக்கு முன்ன பொட்டியத் தொறந்து பாருங்க" என்றாள் உன் அக்காள் லூர்துமேரி. திறந்தால் ஃபேன் முழுக்கத் தூசி, உப்புக் காற்றில் பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. துடைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் பூமழையில் பழையபடி நீலத்திரை. "அவன் ஏத்துனத எல்லாம் எறக்கிட்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றாள். கம்பெனி வேகத்துக்கே திருப்பினேன். மத்தியானம் பூராவும் எறும்பு மாதிரி ஊர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்பாதுரை பூமழையில் நனைந்தபடி செயின் போட்டார். ஆக, குற்றவாளி நீதான் என்று முடிவாகிவிட்டது. இனி என் மிஷின் பக்கம் வராதே.

மாதா உன்னைக் காக்கட்டும். அக்காள் முழு அன்பும் அனுப்புகிறாள். நான் பாதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அந்தோணிராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பாதுரை வந்து வீடியோவைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார். "தொப்பை இப்பிடியா தெரியுது? அந்த எடத்த வெட்டிடுப்பா, விருந்துக்கு வர்றேன்" என்றார். நான் முதலில் கொடுத்த பென்டிரைவே போதுமாம். பூமழை இல்லாவிட்டால் உன் வேகத்திலேயே எல்லாம் ஓடும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து பழையபடி ஏற்றிவிட்டுப் போ. அவர் இப்படிச் சொல்வாரென்று மிஷினுக்கு முன்னாடியே யார் சொன்னது என்பதுதான் எனக்கு இப்போது சந்தேகம்.