பங்குக் கிணற்றில் விட்ட ஆறு நத்தைகள்

சோம்பேறியாக இருப்பதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. சோம்பேறி யோசிக்கத் தொடங்கும்போதுதான் அயலட்டை வீடுகளுக்கு ஆபத்து. அனுபவத்தில் சொல்கிறேன். இருபத்துநாலு வயதில் ஒரேயொரு யோசனையால் அக்காவின் கலியாணத்தைக் கிணற்றுக்குள் தள்ளப் பார்த்தவன் நான்.

கரவெட்டியில் எங்கள் கிணறு பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி வேலிக்கு அங்கால் இருக்கும் பரமேசு மாமிக்கு. ஒரு வருடம் அவர்கள் இறைத்துச் சுத்தம் செய்தால் மறுவருடம் நாங்கள். இந்தக் கிணற்றை வைத்தே அம்மாவும் மாமியும் பல வருடம் கதைக்காமல் இருந்தவர்கள். மாமியின் மகன் சிவா அண்ணையும் அக்காவும் விரும்பிய பிறகுதான், வேறு வழியில்லாமல் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினார்கள். ஆவணியில் கலியாணம் என்று நாளும் குறித்தாயிற்று.

அந்த வருடம் இறைப்பு முறை எங்களுடையது. அதாவது என்னுடையது. (பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருப்பவன் வீட்டில் எல்லா முறையும் அவனுடையதுதான்.)

அப்போது என்னிடம் ஒரு மீன்தொட்டி இருந்தது. யன்னலோரம் வைத்ததால் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. யாழ்ப்பாணத்தில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர், "தம்பி, உந்தப் பாசியை உரஞ்சிக்கொண்டிருக்காதையும். இந்த நத்தையளை விடும், திண்டு துடைச்சுப்போடும்" என்று மஞ்சள் நத்தைகள் ஆறு தந்தார். ஒரு கிழமையில் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. அவை கொம்பை நீட்டி நீட்டி மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தொட்டியைத் துடைக்கிறவை கிணற்றைத் துடைக்காதா?

சித்திரையில் இரண்டு வீட்டாரும் கோயில் தேருக்குப் போன நாள், "நான் நிண்டு கிணறு இறைக்கிறன்" என்று தியாகி போல வீட்டில் நின்றேன். ஆறு நத்தைகளையும் வாளியில் வைத்து உள்ளே இறக்கினேன். முற்றத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிவிட்டுப் படுத்துவிட்டேன்.

சில கிழமை கழித்து மாமி எட்டிப் பார்த்து, "அடி தெரியுது! இப்பிடி ஒருத்தரும் இறைச்சதில்லை" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மோட்டர் இருக்கும்போது யார் பார்ப்பார்கள்? ஆனியில் ஒருநாள் மின்சாரம் நின்றது. வாளியோடு போன மாமி, வாளியில்லாமல் திரும்பி ஓடிவந்தார்.

நாங்கள் எல்லாரும் போய் எட்டிப் பார்த்தோம். உச்சிப்பொழுது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. வெயில் நேரே கிணற்றுக்குள் இறங்கும் நேரம் அது ஒன்றுதான். தண்ணீருக்கு மேலே, உள்சுவரைச் சுற்றி, ரோசா நிறத்தில் கட்டி கட்டியாக ஏதோ அப்பியிருந்தது. யாரோ உள்ளே இறங்கி நின்று கையால் அப்பியது போல. நாங்கள் குனிந்ததும் தண்ணீரில் ஏதோ விழுந்தது.

ளொக்.

யாரும் எதையும் போடவில்லை. மறுபடியும் ளொக். பிறகு சுற்றிவர ளொக், ளொக், ளொக். நாங்கள் பின்வாங்கினால் சத்தம் நின்றது. பொறுத்திருந்து மறுபடி குனிந்தால், எங்களுக்காகவே காத்திருந்ததுபோலத் தொடங்கியது.

எனக்கு நத்தைகள் நினைவுக்கு வராமலில்லை. ஆனால் நான் விட்டது ஆறு, கேட்டதோ அறுபதுக்கு மேல். என் தொட்டியில் அவை இப்படி எதையும் அப்பியதுமில்லை. செத்துப்போய் ஆவியாக வந்துவிட்டனவோ என்றுகூட யோசித்தேன். (பட்டதாரி!)

"உது செய்வினை. இந்தக் கலியாணம் பிடிக்காத ஆரோ செய்தது" என்ற மாமி, அம்மாவைப் பார்த்தார்.

"என்ரை முகத்தை ஏன் பாக்கிறீர்? கிணத்தில பாதி உம்மடைதானே!" என்றார் அம்மா.

அவ்வளவுதான். பழைய பகை திரும்பி வந்தது. கப்பித் தூணில் செய்வினைக்குக் காவலாகத் தேசிக்காய் தொங்கியது. இரண்டு வீடும் சந்திக் குழாயில் தனித்தனியாகக் குடத்தோடு நின்றன. நான் ஒவ்வொரு மத்தியானமும் போய்ப் பார்த்தேன். சில கட்டிகள் வெளிறி வெறுங்கூடாகியிருக்கும், பக்கத்திலே புதிதாக ஈரத்தோடு இரண்டு மினுங்கும். உள்ளே இருந்தது எதுவோ, அது இப்போது வெளியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவேன்.

அக்காவின் கண் வீங்கியிருந்தது. "தம்பி, மாமியவை வந்து கலியாணம் வேண்டாமெண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?" என்று கேட்டா. கிணற்றை இறைக்கவில்லை என்ற ஒரு வசனத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆடிக் கடைசியில் மாமி செய்வினைக்குக் கழிப்புக் கழிக்க ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றார். "முதல்ல அடி தெரியுமட்டும் இறையுங்கோ. என்ன கிடக்குதெண்டு பாப்பம்."

மோட்டர் இரைந்தது. தண்ணீர் இறங்க இறங்கச் சுவர் அசைந்தது. உண்மையாகவே அசைந்தது. பெரிதும் சிறிதும் பொடியுமாக, இடமே விடாமல் மஞ்சள் நத்தைகள், எல்லாம் கொம்பை நீட்டி மேலே ஊர்ந்துகொண்டிருந்தன.

அக்காதான் முதலில் கேட்டா. "தம்பி, உது உன்ரை மீன்தொட்டியில கிடந்ததெல்லே?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒன்று விடாமல் சொன்னேன். ரோசாக் கட்டிகள் அவை இட்ட முட்டைகள், ளொக் என்றது எங்கள் நிழல் பட்டதும் அவை சுவரை விட்டுத் தண்ணீரில் விழுந்த சத்தம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

"அப்ப நீ கிணறு இறைக்கேல்லையே?" என்றார் அம்மா.

"ரெண்டு மாசமா உந்தத் தண்ணியிலயோ தேத்தண்ணி குடிச்சனாங்கள்!" என்று மாமி வாயைப் பொத்தினார்.

கழிப்புக்கு வந்தவர் தான் கொண்டுவந்த தேசிக்காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். "உதுக்கு என்னட்டை மந்திரம் இல்லை."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "செய்வினையெண்டா கழிக்கலாம், மச்சாள். உவனை என்ன செய்யிறது?"

"நானும் இருவத்திநாலு வருசமா அதைத்தான் யோசிக்கிறன்" என்றார் அம்மா.

இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படி அவர்கள் சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தா. நான் மூன்று நாள் கிணற்றுக்குள் நின்று சுவரைச் சுரண்டினேன். ஆவணியில் கலியாணம் நடந்தது. இறைப்பு முறை மட்டும் அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் எனக்குத்தான்.

பிறகு எனக்குப் பொம்பிளை பார்க்கப் போனபோது மாமியும் வந்தார். பலகாரத்தட்டு வந்தது, சாதகம் வந்தது. மாமி இரண்டையும் தொடவில்லை. "உங்கடை வளவில கிணறு இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் பெண்ணின் தகப்பன்.

"அப்ப முதல்ல அதுக்கு ஒரு மூடி போடுங்கோ. மற்றதைப் பிறகு கதைப்பம்."

கதை முழுவதையும் கேட்டு அந்த வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கிணற்றுக்குப் பூட்டோடு கம்பிவலை மூடி போட்ட பிறகுதான் கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். பூட்டின் திறப்பு இன்றைக்கும் என் மனைவியிடம்தான் இருக்கிறது.