ருகோ அண்ணன் வாயைப் பொத்திக்கொண்ட முகூர்த்தம்

போர்ட் பிளேரில் ருகோ அண்ணன் நிறுத்தி வைக்காத தமிழ்க் கல்யாணம் ஒன்று உண்டென்று யாராவது சொன்னால், அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த போட்டோகிராபர் அவர். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவருடைய சம்சாரத்துக்கே சந்தேகம்தான். கேமராவைக் கண்ணில் வைத்ததும் "ருகோ" என்று ஒரு சத்தம் போடுவார். இந்தியில் நில்லு என்று அர்த்தம். தமிழர், தெலுங்கர், பெங்காலி என்று எல்லாரும் கலந்து வரும் எங்கள் ஊர்க் கூட்டத்தை ஒரே சொல்லில் நிறுத்த அதை விட்டால் வேறு வழி இல்லை.

அந்தச் சத்தத்துக்குப் பந்தியில் ஊற்றின பாயசம் கரண்டிக்கும் இலைக்கும் நடுவிலேயே நின்றது என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். நான் நம்புகிறேன். லம்பா லைன் பகுதியில் ஒரு கல்யாணத்தில் நானே பார்த்தேன். மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டார், கெட்டிமேளம் முழங்குகிறது, "ருகோ" என்றார் அண்ணன். பெண்ணின் நெத்திச்சுட்டி கோணலாம். அதை நேராக்கி முடிப்பதற்குள் ஐயர் அதே மந்திரத்தை மூன்று தரம் சொன்னார். நாதஸ்வரக்காரருக்குக் கண் பிதுங்கியது. அவசரப்பட்டு அட்சதையைப் போட்டுவிட்டவர்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. குடும்பப் படம் எடுக்கும்போது இடது ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விடச் சொல்வார். டிக்கெட் கிடைக்காமல் மெயின்லேண்டிலேயே தங்கிவிட்ட சொந்தக்காரருக்கு அந்த இடம். அப்புறம் பழைய படத்திலிருந்து அவரை வெட்டி, கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுப்பார். என் மகள் மஞ்சுவின் காதுகுத்துக்கு என் தம்பி வர முடியாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் கடைசி நேரத்தில் கப்பல் பிடித்து வந்து நின்றான். ருகோ அண்ணன் பேச்சு மாறாதவர். படத்தில் என் தம்பி வலது பக்கம் வேட்டியில் சிரிக்கிறான், இடது பக்கம் ரேஷன் கார்டு முகத்தோடு முறைக்கிறான்.

இப்பேர்ப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டுதான் மஞ்சுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு மதுரை. சம்பந்தியம்மா சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். இங்கே நடந்த ஏதோ ஒரு கல்யாண வீடியோ அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று சாயங்காலமே வீடியோ காலில் வந்தார்.

"தாலி கட்டுற நேரத்துல நில்லுன்னு கத்துறாரே, யாருங்க அவரு? இந்திக்கு என் மகன்தான் அர்த்தம் சொன்னான். அந்தச் சத்தம் நம்ம முகூர்த்தத்துல கேட்டுச்சுன்னா நான் பாதியிலயே எந்திரிச்சுப் போயிருவேன்."

சொன்னால் செய்கிற ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வேற ஆளப் பாப்போம்," என்றார் வீட்டுக்காரர்.

"பாத்துட்டு? பஜாருக்குப் போனா அவரு, ஆஸ்பத்திரிக்குப் போனா அவரு. சுத்திக் கடல். எங்கங்க போய் ஒளியறது?"

மஞ்சு அழவே ஆரம்பித்துவிட்டாள். "ருகோ மாமா இல்லாம என் கல்யாணமா? காது குத்துறப்ப என் அழுகையவே ருகோன்னு சொல்லி நிறுத்துனவரும்மா."

கடைசியில், இரண்டாவதாக ஒரு போட்டோகிராபர் போடுவது என்று முடிவானது. மின்னி பே பகுதியில் ஒரு பெங்காலிப் பெண், யாருக்கும் தெரியாமல் படம் எடுப்பதில் கெட்டிக்காரியாம். தாலி கட்டுவதை அவள் எடுக்கட்டும், மற்றதை அண்ணன் எடுக்கட்டும். இதை அவரிடம் சொல்ல வேண்டிய அன்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லி வைத்தாற்போல முதுகு பிடித்துக்கொண்டது. நான்தான் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"டீக் ஹை, சரி அக்கா. அப்ப நான் எதை எடுக்கட்டும்?"

"மத்தது எல்லாம் நீங்கதாண்ணே."

"மத்ததுன்னா, பந்தி."

சம்பந்தியம்மா சொன்னதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு, "கசம் சே அக்கா, சத்தியமா. நம்ம மஞ்சு கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் என் வாயிலருந்து ஒரு சத்தம் வராது," என்றார்.

முகூர்த்தம் வந்தது. எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள். பெற்ற தாய் நான், ருகோ அண்ணனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சுவின் நெத்திச்சுட்டி அன்றைக்கென்று கோணிக்கொண்டு தொங்கியது. அவரும் பார்த்துவிட்டார். உடம்பு ஒரு தரம் துள்ளியது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். வலது கையில் அட்சதை. மூன்று முடிச்சும் விழுகிறவரை அந்தக் கை வாயை விட்டு எடுபடவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அட்சதையைப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் பந்தியை எடுக்கப் போய்விட்டார். சம்பந்தியம்மா பரம திருப்தியாக இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

குடும்பப் படத்துக்கு வரிசையாக நின்றோம். பெங்காலிப் பெண் கேமராவைத் தூக்கினாள்.

"ருகோ," என்று மணப்பெண் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிட்டது.

நான் பயந்துபோய்ச் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். "தாலிதான் ஏறிருச்சுல்ல. இனிமே யாரு வேணா நிறுத்திக்கட்டும்," என்று அவர் புடவையைச் சரிசெய்துகொண்டார்.

மஞ்சு எங்களை எல்லாம் வலது பக்கம் தள்ளி, மாப்பிள்ளையை மறு பக்கம் மாற்றி நிறுத்தி, இடது ஓரத்தில் தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை உண்டாக்கினாள். "மாமா, இங்க வாங்க."

பந்தி வாசலில் நின்ற அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நானா? நான் வந்து நின்னா படத்த யாரு எடுக்கிறது?"

"அதுக்குத்தானே மாமா ரெண்டாவது ஆளு போட்டிருக்கோம்."

அத்தனை வருஷத்தில் அவர் எடுத்த கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. ஒரு படத்திலும் அவர் இல்லை. தலையைக் கையால் வாரிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் கூச்சத்தோடு நின்றார்.

அந்தப் படம் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, நேராக நிற்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை மஞ்சுவின் நெத்திச்சுட்டியை நேராக்கப் பாதி வழி போயிருக்கிறது.

இப்போது அவர் மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார். போன மாதம் மஞ்சுவின் குழந்தைக்கு இங்கேதான் காது குத்தினோம். படத்துக்கு நின்றபோது யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இடது ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் எல்லாரும் நின்றிருந்தோம்.