மயக்கம் பாயும் என் வேனின் இரண்டு கண்டக்டர்களும்

திருத்தணியில் மலைமேல் இருப்பவருக்கு அடுத்தபடியாக மனிதர்கள் கைகட்டி நிற்கும் இடம் மயக்கம் பாயின் கடைதான். இதைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. நானே அங்கே கைகட்டி நின்றிருக்கிறேன், அதிலும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. அரக்கோணம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் வரிசை வரிசையாகப் பழைய பேட்டரிகள், நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பாய். அவர் சட்டையில் பட்டன் ஓட்டைகளைவிட ஆசிட் ஓட்டைகள் அதிகம். பேட்டரி வைத்தியத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் ‘செத்துப்போச்சு’ என்ற சொல்லுக்கு அனுமதி கிடையாது.

கே.ஜி.கண்டிகை விவசாயி ஒருவர் டிராக்டர் பேட்டரியைத் தோளில் சுமந்து வந்து, செத்துப்போச்சு பாய் என்று பொத்தென்று இறக்கினார். பாய் தலையைத் தூக்கவில்லை.

“அது காதுல வுழற மாதிரி பேசாதீங்க. மயக்கமா கீதுன்னு சொல்லுங்க. போயி ஒரு டீ குடிச்சிட்டு வந்து திரும்பச் சொல்லுங்க.”

அந்த விவசாயி போய் டீ குடித்துவிட்டு வந்து, மயக்கமா கீது பாய் என்று பணிவாகச் சொன்னார். அதன் பிறகுதான் பேட்டரியின் மூடி திறந்தது. மறுநாள் டிராக்டர் உறுமிக்கொண்டு போயிற்று. இப்படித்தான் பாய்க்கு அந்தப் பெயர் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மைக் செட்டோடு வரும் ஆந்திரா வேன்காரர்கள்கூட, தமிழில் வேறு எது தெரியாவிட்டாலும் ‘மயக்கம்’ என்ற சொல்லை மட்டும் உச்சரிப்பு பிசகாமல் கற்றுக்கொண்டு வந்து நிற்பார்கள்.

இனி என் கதை. நான் முப்பது வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். மின்சாரம் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பியவன். அப்படி நம்புகிறவனிடம் யாரும் ஒயரைக் கொடுக்கக் கூடாது.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, விசிறி, ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் என்று வீடாக்கினேன். வண்டியைக் கிளப்ப எஞ்சின் பக்கம் ஒரு பேட்டரி. உள்ளே இருக்கும் விசிறிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தனியாக இரண்டு பேட்டரிகள். அவற்றை வெயிலில் சார்ஜ் செய்ய, சூட்கேஸ் மாதிரி மடித்து எடுத்துப்போகும் சோலார் பேனல் ஒன்று. கிழக்குக் கடற்கரை ஓரமாகவே இரண்டு மாதம் ஊர் சுற்றுவது எங்கள் திட்டம். இல்லை, என் திட்டம். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவளுக்கு இன்சுலின். வாங்கி இருப்பு வைக்கும் மருந்து குளிர்ச்சியில் இருந்தாக வேண்டும். ஃப்ரிட்ஜ் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்றாள். இயற்பியல் ஆசிரியனிடம் இதைச் சொல்லவே வேண்டாம் என்றேன்.

பேனலை நானே இணைத்தேன். அதன் முதுகில் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி ஏற்கெனவே இருந்தது. பேனலில் இருந்து வரும் கரண்டைப் பேட்டரி தாங்கும் அளவுக்கு அடக்கி அனுப்புவது அதன் வேலை. வேனுக்குள் நான் வேறு அதே மாதிரி ஒரு பெட்டியை மாட்டியிருந்தேன். ஒன்று இருந்தால் நல்லது, இரண்டு இருந்தால் ரொம்ப நல்லது என்று ஒன்றன் பின் ஒன்றாக இரண்டையும் கோர்த்தேன். ஒயருக்காகக் கடைக்குப் போகவில்லை. தீபாவளிக்கு சீரியல் பல்பு கட்டிய ஒயர் வீட்டில் நிறையக் கிடந்தது. இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு எரிந்தது. மனைவியை நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவள் நடுவில் ஒருமுறை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

ஒத்திகைக்காகக் கனகம்மாசத்திரம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் இரண்டு நாள் தங்கினோம். நிழலாக இருக்கட்டும் என்று வண்டியை மரத்தடியில் விட்டேன். பேனலையும் அதே அக்கறையோடு பாதி நிழலில் வைத்தேன். இரண்டாம் நாள் மதியம் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நான் பச்சை விளக்கைக் காட்டி, எரிகிறதே என்றேன்.

“ஏங்க, அத நீங்களே பாத்துகினு இருங்க.”

நடந்து போய்ப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். புது மருந்து வாங்கிவிட்டாளாம், அதையும் பக்கத்து வீட்டு அம்மாள்தான் எனக்குப் போனில் சொன்னார். நான் மாந்தோப்பில் வெதுவெதுப்பான தயிரைச் சாப்பிட்டபடி ஓம் விதியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை வேனை பாயின் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினேன். ஊர் வழக்கம் தெரிந்தவன் என்பதால், வேனுக்குள்ள கீற பேட்டரி ரெண்டும் மயக்கமா கீது பாய், மருந்து வெக்கற ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு என்று சரியாகவே சொன்னேன். பாய் எழுந்திருக்கவில்லை. என்னத்த எப்படி மாட்டினீங்க, செவுத்துல போடுங்க என்றார். பழக்க தோஷம், என் சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. சுவரில் பாடப்புத்தகத்தில் இருப்பதைப்போல நேர்க்கோடுகளோடு ஒரு சுற்று வரைந்து, அம்புக்குறியெல்லாம் போட்டுத் தள்ளி நின்றேன்.

பாய் அதை வெகுநேரம் பார்த்தார். படம் ஜோராக இருப்பதாக ஒப்புக்கொண்டார். தன் மகனும் என்னிடம்தான் கரண்டு பாடம் படித்தான் என்றார். நான் நெஞ்சு நிமிர்ந்து, இப்போது என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

“மட்டன் கட வெச்சிகினு கீறான். கரண்டு பக்கமே போவறதில்ல.”

அப்புறம் எழுந்து வந்து, நான் வரைந்த இரண்டு பெட்டிகள் மேலும் விரலை வைத்தார்.

“வாத்தியாரே, ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கண்டக்டர் போட்டுக்கீறீங்க. ஒருத்தர் ரைட்டுன்றாரு, இன்னொருத்தர் ஹோல்டான்றாரு. வண்டி எப்டி போவும்?”

முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இப்படி ஒரு உதாரணம் தோன்றியதே இல்லை. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று குழப்பிக்கொண்டதில் பேட்டரிக்கு ஒழுங்காக எதுவுமே போய்ச் சேரவில்லை. போன கொஞ்சமும் சீரியல் பல்பு ஒயரில் தேய்ந்து போயிற்று. பாதி நிழல் மீதியைப் பார்த்துக்கொண்டது.

பாய் பேனலின் முதுகில் இருந்த பெட்டியை விலக்கிவிட்டார். வேனுக்குள் இருப்பது மட்டும் போதும் என்றார். சுண்டுவிரல் தடிமனில் ஒயர் போட்டார். பேட்டரியின் ப்ளஸ் முனையை ஒட்டி ஒரு ஃப்யூஸ் வைத்தார். பிறகு, எதை முதலில் மாட்டுவீர்கள் என்று என்னைக் கேட்டார். பேனலை என்றேன். அவர் என் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து என்னிடமே கொடுத்தார்.

கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்ட வேண்டும், அப்புறம்தான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், அப்புறம் பேட்டரி. இதைச் சுவரில் பத்து முறை எழுதச் சொன்னார். நான் எத்தனை பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களில் நாலைந்து பேராவது அந்த வழியாக பைக்கில் போனார்கள். ஒருவன் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வேலை முடிந்தது என்று சாவியைக் கேட்டபோதுதான், மருந்து யாருக்கு என்று பாய் கேட்டார். சொன்னேன். மாந்தோப்பு, பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். பாய் முகம் மாறிவிட்டது.

“தங்கச்சிய பஸ்ஸுல அனுப்பிட்டு நீங்க வண்டிய பாத்துகினு இருந்தீங்களா?”

சாவியை அவர் தரவில்லை. மூன்று நாள் வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். காய்ச்சி ஆறவைத்த பால் ஒரு சொம்பு வரவழைத்து ஃப்ரிட்ஜில் வைத்தார். வேறு எந்தச் சார்ஜும் கிடையாது, வெயில் மட்டும்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டூலை விட்டு இறங்கி, வெயில் போகும் பக்கம் பேனலைத் திருப்பி வைத்தார். வாடிக்கையாளர் எவர் நின்றாலும் சரி, அந்த வேலை முதலில். நடுவில் தொழுகைக்குப் போகும்போது மட்டும் அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் நான் வைத்த கோணத்தை ஒரு விரல் அளவு மாற்றுவார்.

மூன்றாம் நாள் மாலை என் மனைவியை அழைத்துவரச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு வேன் வாசலில் நின்றாள். பாய் ஃப்ரிட்ஜைத் திறந்து, சொம்பை எடுத்து, அவள் முன்னாலேயே அண்ணாந்து பாதிப் பாலைக் குடித்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார், வயிறு என்ன சொல்கிறது என்று கேட்பவர் போல.

“ஆங். இப்ப மருந்த வைங்க, தங்கச்சி.”

அவள் சொம்பை வாங்கி, தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும். மாந்தோப்புக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் ஒரு ஒயர்கூட மாட்டவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் கிளம்பினோம். தினமும் காலையில் பேனலை விரித்ததும் ஒரு போட்டோ எடுத்துத் தனக்கு அனுப்ப வேண்டும் என்பது பாயின் கட்டளை. அனுப்புவேன். பின்னால் கடல் இருக்கும், கோபுரம் இருக்கும், சில நாள் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். அவர் குரல் பதிவில் வரும் பதில் பேனலைப் பற்றி மட்டுமே இருக்கும். இன்னும் கொஞ்சம் தெக்கால சாச்சி வைங்க. ஒயர மிதிச்சிகினு நிக்கறீங்க. அவ்வளவுதான்.

நெல்லூர் தாண்டி ஒரு கடற்கரை ஊரில் ஒரு நாள் நான் படம் அனுப்ப மறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு என் மனைவியின் போன் அடித்தது. அவள் கேட்டுவிட்டு, நல்லா இருக்கார் பாய், இங்கேதான் இருக்கார் என்று சொல்லி என்னிடம் நீட்டினாள்.

நல்லாதான் இருக்கேன் பாய், என்ன விஷயம் என்றேன்.

“ஒண்ணுமில்ல வாத்தியாரே. பேனல் மேல காக்கா எச்சம் இருந்தா தொடைங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பேனல் பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் இரண்டு முறை துடைத்தேன்.