கன்ஃபார்ம் அண்ணன் வாங்காத மெஷின்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் தாண்டும் வரை, சாலையின் இரண்டு பக்கமும் எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். கார், டயர், கண்ணாடி, செல்போன். இத்தனை தொழிற்சாலைகளுக்கு நடுவே, ஆசைப்படுவதை மட்டும் முழுநேர வேலையாகச் செய்துவந்த ஒரே மனிதர் கன்ஃபார்ம் அண்ணன். லீவு போடாமல் ஆசைப்படுவார். ஓவர்டைம் பார்த்தும் ஆசைப்படுவார். அந்தத் துறைக்கு இதுவரை யாரும் விருது அறிவிக்காதது நாட்டின் குறை, அவருடைய குறை அல்ல.

எனக்கும் என் வீட்டுக்காரர் தங்கராஜுக்கும் அப்போது ஒரகடம் சாலையில் ஒரு கடை இருந்தது. கடை என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தகரக் கூரை போட்ட பழைய கோடவுன். மால்களில் டோக்கன் போட்டு விளையாடுகிற ஆளுயர வீடியோ கேம் மெஷின்கள் இருக்குமே, பைக் ரேஸ், கார் ரேஸ், கூடையில் பந்து போடுவது, அவற்றை மால்காரர்கள் பழசாகிவிட்டதென்று கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்ததை வாங்கிவந்து, பழுது பார்த்து விற்பது எங்கள் தொழில். தங்கராஜ் திருநெல்வேலிப் பக்கம். செல்போன் கம்பெனி வேலைக்கென்று வந்தவர், அதை விட்டுவிட்டு இதைத் தொடங்கினார். செத்த மெஷினைப் பிழைக்கவைப்பதில் கெட்டிக்காரர். பிழைத்ததை விற்பதில்தான் சிக்கல்.

ஏனென்றால் இந்தப் பூமியில் கேம் மெஷினைப் பார்த்து ஆசைப்படாத மனிதர் இல்லை. அதை வாங்குகிற மனிதரும் இல்லை. கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் வந்து, பந்திக்குப் பக்கத்தில் நாலு போட்டால் பிள்ளைகள் சத்தம் போடாது என்று மகிழ்ந்துவிட்டுப் போனார். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூம்கள் கட்டி விட்டிருந்த ஒருவர், மாடிக்கு ஒன்று என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வாங்காதவர்களை வாசலிலேயே கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டோம். மெஷினின் காலை லேசாக உதைத்துப் பார்ப்பார்கள். கரண்ட் ரொம்ப இழுக்குமா என்பார்கள். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

கன்ஃபார்ம் அண்ணன் இதில் எதையும் செய்யவில்லை. அதனால்தான் ஏமாந்தோம்.

முதலில் கொத்தமல்லி வாசனை வந்தது, பிறகு அவர் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய், மீதியில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலை போட்டுக்கொண்டு, குட்டி யானை எனும் சின்ன லோடு வண்டியில் ஹாஸ்டல் கேண்டீன்களுக்குக் காய்கறி ஏற்றிப்போகிற ஆள். ஐம்பது வயது இருக்கும். நேராகப் போய் பைக் ரேஸ் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்தார். திரையில் யாரும் ஆடாதபோது தானாக ஓடுமே, அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கடலோரச் சாலை, தென்னை, வளைவு, பாலம். சாலை இடது பக்கம் வளைந்தால் இவரும் இடது பக்கம் சாய்ந்தார். வலது பக்கம் வளைந்தால் வலது பக்கம். நான் டோக்கன் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"வேணாம்மா" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "டோக்கன் போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். போடலன்னா ஓடிக்கினே இருக்கும்."

வெகுநேரம் கழித்து இறங்கி, மெஷின் முதுகில் தட்டி, "கன்ஃபார்ம்மா! இத்த யாருக்கும் குடுத்துடாத. வியாழக்கெழம வண்டி எத்துக்கினு வரேன்" என்றார்.

வண்டி வாசலில்தான் காலியாக நின்றுகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தங்கராஜ்தான் அவர் போனபின் சொன்னார்: "இவரு வாங்க மாட்டாரு. வாங்குத ஆளுக்கு இந்தச் சிரிப்பு வராது. வாங்குத ஆளு மொகத்துல ஒரு கவல இருக்கும், பாத்துக்க."

வியாழக்கிழமை வந்தார். வண்டியும் வந்தது. மெஷின்தான் போகவில்லை. வரும் வழியில் கார் ரேஸ் ஞாபகம் வந்துவிட்டதாம். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் இல்லையா? பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் கொட்டகை போட்டு, ஒரு பக்கம் கார், ஒரு பக்கம் பைக். மேலே சீரியல் லைட். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் தூரத்திலிருந்தே பார்க்கும். ஏரித் தண்ணீரிலும் அந்த வெளிச்சம் தெரியும். "கொக்குலாம் இன்னா ஏதுன்னு திரும்பிப் பாக்கும் மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கே கொக்கு திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. "கன்ஃபார்ம்!" என்றார். போய்விட்டார்.

அடுத்து, வல்லக்கோட்டை முருகனைக் கேட்காமல் பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை என்றார். கேட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"முருகன் என்னண்ணே சொன்னாரு?"

"வேணாம்னு சொல்லலமா. வெய்ட் பண்ணுன்னாரு."

தங்கராஜ் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "நாங்களும் அவருகிட்டதான் கேட்டுட்டு இருக்கோம். எங்களுக்கும் அதேதான் சொல்லுதாரு" என்றார்.

அண்ணனின் சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. என் போனில் 'கன்ஃபார்ம் அண்ணன்' என்றே பதிந்திருந்தேன். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஒருநாள் மனைவி வசந்தா அக்காவை அழைத்துவந்தார். அக்கா வாசலிலேயே நின்று கோடவுனை ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னாது இது? மாவு அரைக்குமா?" என்றார். அரைக்காது என்றேன். "அப்புறம் இன்னாத்துக்கு இம்மாம் பெருசு?"

குழிகளிலிருந்து பொம்மைத் தலைகள் எட்டிப் பார்க்கும், சுத்தியலால் அடிக்க வேண்டும், அப்படி ஒரு மெஷின் உண்டு. சும்மா ஆடிப் பாருங்கள் அக்கா என்று சுத்தியலைக் கையில் கொடுத்தேன். முதல் தலை வந்தது. அக்கா தயங்கித் தட்டினார். இரண்டாவது தலைக்குப் புடவையை இழுத்துச் சொருகினார். மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு தலைக்கும் பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டார். "இது எங்க நாத்தனாரு! இது அந்த நெலத்து புரோக்கரு! இது பக்கத்து வூட்டுக்காரி! ஆங், புரோக்கரு மறுபடி வரான் பாரு!" மெஷின் விளக்குகளெல்லாம் எரிந்து மணி அடித்தது. அந்த மெஷினில் அதற்கு முன்பும் பின்பும் யாரும் அந்தப் பாயின்ட் எடுத்ததில்லை. அக்கா மூச்சு வாங்க, முகமெல்லாம் மலர்ந்து, புருஷனிடம் திரும்பி, "யோவ், இத்த வாங்குயா" என்றார்.

கன்ஃபார்ம் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. "அதெல்லாம் பொறுமையா பண்ணணும் வசந்தா. எடுத்தோம் கவுத்தோம்னு பண்ணக்கூடாது" என்று அக்காவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டார்.

தங்கராஜுக்கு அவரைக் கண்டாலே கடுப்பு. அவர் வண்டிச் சத்தம் கேட்டால் ஏதாவது ஒரு மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டு வயர் மாட்டுவார். எனக்கு அப்படி இல்லை. மத்தியான வெயிலில் தகரக் கூரை சுட, வெளியே கண்டெய்னர் லாரிகள் பூமியை அதிரவைத்துப் போக, உள்ளே அரை இருட்டில் அத்தனை திரைகளும் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த நீல வெளிச்சத்தில் ஒரு மனிதர் கடலோரச் சாலையில் சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருப்பார். அதைப் பார்த்தால், நாம் பிழைப்புக்குத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

ஆனால் கோடவுன் சொந்தக்காரர் மறக்கவில்லை. பக்கத்துக் கம்பெனி ஒன்று சாமான் போட்டுவைக்க இடம் கேட்டதாம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் இடம் தேடினோம். கிடைக்கவில்லை. தங்கராஜ் இரண்டு நாள் மெஷின்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது நாள் பழைய இரும்புக்காரருக்குப் போன் செய்தார். மரத்தைத் தனியாக, இரும்பைத் தனியாக, ஒயரைத் தனியாக உடைத்து எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொன்னார்கள்.

அன்று பார்த்துக் கன்ஃபார்ம் அண்ணன் வந்தார். சிரித்துக்கொண்டே பைக்கில் ஏறப் போனவரிடம், "அண்ணே, நாளைக்கு எல்லாத்தையும் உடைக்கப் போறாங்க" என்றேன்.

அவர் ஏறவில்லை. மெஷின்களுக்கு நடுவே மெதுவாக நடந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெளியே போய் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"பாத்தியா? இன்னைக்குத்தான் நெசமாவே ஓடிட்டாரு" என்றார் தங்கராஜ். குரலில் கோபம்கூட இல்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் இரண்டு குட்டி யானைகள் வந்து நின்றன. ஒன்றை அண்ணன் ஓட்டிவந்தார். இன்னொன்று அவர் மச்சினனுடையது. பின்னால் மூட்டை கட்டுகிற கயிறும் பழைய கோணிகளுமாக வசந்தா அக்கா. "இன்னா பாத்துகினு நிக்கிற? ஒரு கை புடி தம்பி" என்று தங்கராஜைத்தான் முதலில் அதட்டினார்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் வாங்கப் போறீங்களா?" என்று தங்கராஜ் திகைத்துப்போய்க் கேட்டார்.

"வாங்கறது அப்பால வாங்கிக்கலாம்யா. மொதல்ல ஒடையாம எத்துக்கினு போவோம்."

இப்படியாக, ஒரு மெஷின்கூட வாங்காத மனிதர் வீட்டுக்கு அத்தனை மெஷின்களும் போய்ச் சேர்ந்தன. மல்லாட்டை மூட்டை அடுக்குகிற அவருடைய நீளக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினோம். ஒரே நேரத்தில் இரண்டு மெஷினுக்கு மேல் போட்டால் பிள்ளைப்பாக்கமே இருட்டாகிவிடும் என்று தங்கராஜ் எச்சரித்திருந்தார். அதனால் சாயங்காலத்துக்கு இரண்டு என்று முறை வைத்து ஓடவிட்டார் அண்ணன்.

விஷயம் பரவியது. ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் யூனிஃபார்மோடு வந்தார்கள். யாரிடமும் அவர் காசு வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தான் வாங்கப்போகிற மெஷின் எது என்று தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். தருமபுரியிலிருந்து வந்து செல்போன் கம்பெனி லைனில் வேலை பார்த்த பெண்கள், தங்கள் கல்யாணச் சீர்வரிசையில் பேஸ்கட்பால் மெஷினையும் சேர்க்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கே வைப்பீர்கள் என்று அண்ணன் கவலையோடு விசாரித்தார். மாமியார் ரூமில் என்றார்கள். மூட்டைகள் மேல் உட்கார்ந்து, மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டு, அத்தனை பேரும் ஓடுகிற சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பஞ்சு மாதிரி மாலை இறங்கும். வாங்கப் போகிறவர்கள் நிறைந்த அப்படி ஒரு கடையை நான் எங்கேயும் கண்டதில்லை.

பிறகு நிஜமாகவே ஒரு வாங்குகிறவர் வந்தார். பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் திறக்க இருந்த ஒரு மாலில், விளையாட்டுக்கூடம் அமைக்கிற பொறுப்பில் இருந்த இளைஞர். முகத்தில் நிறையக் கவலை இருந்தது. தங்கராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளைஞர் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் பழசா இருக்கே. இப்பல்லாம் போன்லயே ஆடிக்கிறாங்க. இதுக்கு யார் வரப்போறா?"

தங்கராஜ் தரையைப் பார்த்தார். அப்போது கன்ஃபார்ம் அண்ணன் மூட்டையிலிருந்து எழுந்து வந்தார்.

"போன்ல குனிஞ்சிகினு ஆடணும் சார். இதுல நிமிந்துகினு ஆடலாம்" என்றார். "காலைலேந்து லைன்ல நின்னுகினே வேல செய்ற பொண்ணு சார். சூப்பர்வைசர் திட்டிகினே இருக்கான். ஞாயித்துக்கெழம உங்க மாலுக்கு வருது. இந்த பைக்ல குந்துது. கண்ணு முன்னால கடலு. ரோட்ல ஒருத்தனும் இல்ல. அந்தப் பொண்ணு ஊருக்குப் போற மாதிரியே போவுது சார். அப்டியே திரும்பிப் பாக்குது, பின்னால அதோட சிநேகிதிங்கல்லாம் கை தட்டுறாங்க." அவர் கைகள் காற்றில் அந்தக் கூடத்தைக் கட்டிக்கொண்டே போயின. எந்த விளக்கு எங்கே, எந்த மெஷின் எந்த மூலை, பெரியவர்கள் உட்கார பெஞ்ச் எங்கே. ஏரிக்கரைக்காக இத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் எடுத்து அந்த இளைஞர் கையில் கொடுத்துவிட்டார்.

இளைஞர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எல்லாத்தையும் எடுத்துக்கறேன்" என்றார்.

நான் அவசரமாக, "அந்த பைக் மட்டும் வித்துப்போச்சு சார்" என்றேன்.

"இல்ல சார், விக்கல" என்றார் கன்ஃபார்ம் அண்ணன். "அதான் சார் மொதல்ல வெக்கணும். வாசலாண்ட வெய்ங்க."

லாரியில் ஏற்றும்போது அவரே முன்னால் நின்று, இடிக்காமல், கீறல் விழாமல் பார்த்துக்கொண்டார். லாரி தெருமுனை திரும்பியதும் காலிக் கொட்டகையில் வந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, அது ஒண்ணையாச்சும் வெச்சிக்கிட்டிருக்கலாம்ல? நாங்க சும்மாவே குடுத்திருப்போமே?"

"எத்துக்கினு வந்து வூட்ல வெச்சா, இவ அது மேல துணி காயப்போடுவாமா" என்றார். சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை. வசந்தா அக்கா எப்போதும் போலச் சண்டைக்கு வராமல், உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

அந்த மால்காரர்கள் மெஷின்களைப் பராமரிக்க தங்கராஜையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் கடை இல்லை, கவலையும் இல்லை. விற்க ஒன்றும் இல்லாததால் கன்ஃபார்ம் அண்ணன் வருவதும் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற குட்டி யானைகளை எட்டி எட்டிப் பார்ப்பார். கேட்டால், காற்றுக்காக உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்.

போன மாதம் தங்கராஜ், எங்கேயோ ஒரு பொருட்காட்சிக்காரர் கழித்த, பிள்ளைகள் ஏறி ஆடுகிற காது உடைந்த குதிரை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். இரண்டு நாள் உட்கார்ந்து பழுது பார்த்தார். பெயின்ட் அடித்தார். இதை யாரிடம் விற்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். என் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். அடுப்படியிலிருந்த எனக்கு அவர் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, ஒரு குதிர வந்திருக்கு. வாங்கவெல்லாம் வேண்டாம். சும்மா வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்."