மாப்பிள்ளையின் புத்தகமும் என் கறிக்கடையும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, கறிக்கடை மாமனார் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கடைதான் சுகமில்லை.

மாமிசம் கூடாதென்று இந்தப் பக்கத்தில் யாருமே வாய் திறக்காத காலத்தில் நீங்கள் துணிந்து ஒரு புத்தகம் போட்டீர்கள். மருமகன் பெயர் அச்சில் வந்துவிட்டதே என்ற பூரிப்பில், உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல், கறி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி இலவசமாகக் கொடுத்த மடையன் நான்தான். படித்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவர்களே படித்துக் காட்டிவிட்டார்கள். உங்கள் அத்தை, "இனிமே இந்த வீட்ல கறி வேகாது. வேணும்னா கடையிலயே வேகவச்சுத் தின்னுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். அது போகட்டும். ஈரல் என்றால் உயிரை விடும் பள்ளிக்கூட வாத்தியார், ஆடே கதை சொல்வதுபோல் நாவல் எழுதுகிறாராம். கடை வாசலில் நின்றுகொண்டு, "அண்ணே, கத்தியப் பார்த்ததும் அது மனசுல என்ன ஓடும்?" என்கிறார். "அதோட மனசு எனக்குத் தெரியாது சார், தொடைதான் தெரியும்"னேன். அதையும் எழுதிக்கிட்டுப் போயிட்டார். நாடகக்காரர்களோ இந்த வருஷம் வில்லனைக் கறிக்கடைக்காரனாக்கி, என் மீசையையே ஒட்டிவிட்டிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தேன். கொட்டகையே "சாகட்டும் பாவி!"ன்னு கத்துது, பக்கத்துல உக்காந்து உங்க அத்தையும் சேர்ந்து கத்துறா! நேத்து நான் தொங்கவிட்ட ஆட்டுக்கு யாரோ மாலை போட்டு, இரங்கற்பா ஒட்டிட்டுப் போயிருக்காங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு, யாவாரம்?

ஆகையால் அடுத்த பதிப்பிலாவது ஆட்டுப் பேச்சையே எடுக்காமல், மீனைப் பற்றி மட்டும் உருக்கமாக எழுதுங்கள். மீன்கடைக்காரனுக்கும் எனக்கும் ஆகாது. முடியாதென்றால் உங்கள் உறவே வேண்டாம், என் மகளை அனுப்பிவையுங்கள்.

நீங்களும் அவளும் நோய்நொடி இல்லாமல், உங்கள் பேனா மட்டும் கொஞ்சம் நோய்ப்பட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் தயவில் ஊருக்கே வில்லனாகிவிட்ட மாமனார்

பி.கு.: இன்று ஓர் ஆடு வாங்கிவந்தேன். கத்தியைக் கையில் எடுத்ததும் உங்கள் வரிகள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன. ஆடு இப்போது எங்கள் கூடத்தில் படுத்திருக்கிறது. அத்தை அதன் கழுத்தில் மணி கட்டிவிட்டாள். நான் ஒளித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்த உங்கள் புத்தகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை அது தின்றுவிட்டது. முடிவு தெரியாமல் கடை திறக்க மனசு வரவில்லை. இன்னொரு பிரதி உடனே அனுப்பவும்.