ஏலக்கூடத்தில் ஓடிய கரப்பான்கள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்குவது சுலபம்; அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எனக்கு அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

காலேஜ் முடித்துவிட்டு போடியில் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்திருந்த காலம். ஏலத்துக்கு அவரோடு நான்தான் போவேன். கூடத்தில் வியாபாரிகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள். மாதிரிச் சரக்கு தட்டில் வரும். பிடித்தால் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும், விலை ஏறும். எங்கள் கம்ப்யூட்டரில் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்கிரீன்சேவரை ஏற்றி வைத்தேன். ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் கரப்பான் பூச்சிகள் கூட்டமாக இறங்கி வந்து எழுத்துகளைத் தின்னும். (வயது இருபத்திரண்டு. மூளைக்கு எட்டு.)

அன்று என் தாய்மாமனின் சரக்கு ஏலத்துக்கு வந்தது. குரங்கணியில் தோட்டம் வைத்திருப்பவர். என் தங்கச்சியின் காதுகுத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள், நல்ல நேரம் போகிறதென்று வேறொருவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டார் அப்பா. தாய்மாமன் மடி இருக்க இப்படியா என்று மாமா கொதித்துப்போனார். ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "அவன் சரக்கக் கையால தொட மாட்டேன்" என்பது அப்பாவின் சபதம்.

மாமா பின்வரிசையில் இருந்தார். அப்பா விறைப்பாகக் கையைக் கட்டிக்கொண்டார். ஒரு நிமிடம் ஆனது.

"அடியாத்தீ! பூச்சிடா! தட்டத் தூக்கு வெரசா!"

சரக்குப் பக்கம் பூச்சி வந்தால் எந்த ஏலக்காய் வியாபாரிக்கும் அறிவு வேலை செய்யாது. திரையிலிருந்து இறங்கிவிட்டன என்று நினைத்து, பட்டன்கள் மேலேயே ஓங்கி அடித்தார் அப்பா. முதல் அடியில் கரப்பான்கள் மறைந்தன. அவர் நம்பவில்லை. இன்னும் நாலு அடி. நாலும் விலையாக ஏறின.

அதற்கு மேல் விலை கேட்க ஆளில்லை. மாமாவின் மொத்தச் சரக்கும் எங்கள் பெயரில் முடிந்துவிட்டது.

"என்னடா ஆச்சு?"

"அப்பா... பூச்சி நெசமில்லப்பா. நான்தான்..."

அவர் கை ஓங்கியது. அந்தக் கையை ஓடிவந்து பிடித்துக்கொண்டார் மாமா. கண்ணெல்லாம் தண்ணீர்.

"மச்சான்! எம் மேல இம்புட்டுப் பாசத்த வச்சுக்கிட்டா இத்தன நாள் பேசாம இருந்தீக? அக்கா நல்லாருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். கடைசியில், "வீட்டுக்கு வா மாப்ளே, அவகிட்டயே கேட்டுக்க" என்றார். அன்று அம்மா அழுத அழுகையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இன்றைக்கும் மாமாவுக்குத் தெரியாது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பத்துப் பேரைக் கூட்டி நிறுத்திக்கொண்டு, "மச்சான், அன்னிக்கு எப்படி அடிச்சீக, ஒருக்கா காட்டுங்க" என்பார். அப்பாவும் வேறு வழியில்லாமல் மேசையில் ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டுவார். ஒவ்வொரு அடிக்கும் பார்வை மட்டும் என் மேலேயே இருக்கும்.