மூன்று மீட்டர் தள்ளி ஒரு குருவி

குருவி கொஞ்சம் பின்னால் போனால் போதும். அது போகிற மாதிரி தெரியவில்லை.

எபனேசர் திராட்சைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்த நிலையிலேயே ஓரடி பின்னால் நகர்ந்தார். கொண்டைக்குருவி அடுத்த குலைக்குத் தாவி ஓரடி முன்னால் வந்தது. அவர் கேமராவில் மாட்டியிருந்தது, தூரத்துப் பறவைக்கென்றே வாங்கிய முழங்கை நீள லென்ஸ். மூன்று மீட்டருக்குள் எது வந்தாலும் அதற்குக் கண் தெரியாது.

கம்பம் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எபனேசருக்குப் பதினெட்டு வருஷமாகக் கல்யாண வீடுகள்தான். "தாடைய இறக்குங்க, பொண்ணு மாப்பிள்ளையப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர். யாரும் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு நிற்கிற ஓர் உயிரை ஒரே ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தேனியில் பறவைப் படக் கண்காட்சி வைக்கிறார்கள். படம் அனுப்ப இன்று மாலை ஆறு மணி கடைசி.

அவருடைய ஆசையைக் கேள்விப்பட்டுத் திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரர் கர்ணன் தானாகவே கூப்பிட்டார். அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த பழக்கம்.

"நம்ம தோட்டத்துக் குருவிக ஆளப் பாத்து அசராது தம்பி. பழம் வெட்ட இன்னும் நாலு நாளு கெடக்கு. காலைல வந்தா பொழுதடையிற வரைக்கும் இங்கனயே உக்காருங்க. சாப்பாடு நம்ம வீட்டுல."

மூன்று நாளாக இட்லி, வடை, மத்தியானம் குழம்பு, ரசம். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று எபனேசர் நெகிழ்ந்துபோயிருந்தார்.

அஞ்சரை மணிக்குத் தோட்டத்து வேலையாள் மூக்கம்மாள் டீ கொண்டுவந்தாள். கூடவே கர்ணனும் வந்தார்.

"என்ன தம்பி, பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கீக?"

"அசைஞ்சா குருவி பறந்துரும்ணே."

"பறக்கட்டுமே. பறக்குற மாதிரி எடுத்தா இன்னும் எடுப்பா இருக்கும்ல? கையக் கிய்யத் தட்டிப் பாருங்க."

இவருக்குள் ஒரு கலைஞன் இருக்கிறான் என்று எபனேசருக்குத் தோன்றியது. கையைத் தட்டினார். குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. என்ன விசேஷம் என்று விசாரிக்க இன்னும் மூன்று குருவிகள் வந்தன.

"இந்தப் பச்சைச் சட்டை சரியில்ல தம்பி. எம் மருமகன் சட்டை ஒண்ணு இருக்கு, நல்ல செவப்பு."

சிவப்பு வெளிச்சம் பட்டால் பறவையின் நிறம் தூக்கலாக வரும் என்று எபனேசர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டார். இரண்டு மைனாக்கள் வந்து சேர்ந்தன. எல்லாம் மூன்று மீட்டருக்குள்.

"கல்யாணத்துல வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளித் தட்டி பிடிப்பீகள்ல, அது இல்லையா?"

"பையில இருக்குண்ணே."

"அத ஒசத்திப் பிடிச்சு, எந்திரிச்சு நில்லுங்க. அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்க."

எபனேசர் எழுந்து, கையை அகல நீட்டி, பளபளவென்ற தட்டியை ஆட்டினார். மைனாக்கள் முகம் பார்க்க வந்தன. முதலில் வந்த கொண்டைக்குருவி மட்டும் தட்டியைச் சட்டைசெய்யவில்லை. நேராக வந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

தட்டியை ஆட்டுவதை எபனேசர் நிறுத்தினார்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனம்கூட இல்லை. நகங்கள் மட்டும் சில்லென்று தெரிந்தன. கறுத்த கொண்டை, மார்பில் செதில் செதிலாகப் பழுப்பு, வாலடியில் அத்தனை சிவப்பு. தொண்டை துடிப்பது தெரிந்தது. அந்தக் கண்ணில் பந்தல் முழுக்க இருந்தது, நடுவே சிவப்பாகத் தானும் நிற்பதை அவர் பார்த்தார்.

இன்னொரு கை சட்டைப்பையில் இருந்த செல்போன்வரை போனது. எடுத்தால் போய்விடும். கை அங்கேயே நின்றது. குருவி எட்டி, அவர் காதோரம் தொங்கிய குலையிலிருந்து ஒரு பழத்தைப் பறித்து, அவர் கைமேலேயே வைத்துத் தின்றது. சாறு மணிக்கட்டில் வழிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, யாரையும் எதுவும் செய்யச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கண் கலங்கி நின்றார்.

அது பறந்து போனபோது மணி ஆறு பத்து.

"படம் விழுந்துச்சா தம்பி?" என்றார் கர்ணன்.

"இல்லண்ணே. போனா போகுது. எங்க அய்யா, அம்மாவுக்கு அப்பறம் என்னை இப்படி நம்பி வந்தது இதுதான். நாளைக்கும் வரேண்ணே. கேமராகூட வேண்டாம், சும்மா நிக்கிறேன்."

கர்ணன், எபனேசர் நின்ற இடத்தைச் சுற்றிக் காம்பு மட்டும் மிஞ்சித் தொங்கிய குலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீத் தம்ளரை எடுக்க வந்த மூக்கம்மாள் கர்ணன் பக்கமாகக் குனிந்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்:

"மொதலாளி, நாளைக்கு இவுக வேணாம். அந்த வைக்கோல் பொம்மையவே திரும்ப நட்டுருவோம், அதுக்காச்சும் நாலு குருவி பயந்துச்சு."